குள்ளர் வீடு

ஜவ்வரிசி ஆலையில் வருடத்துக்கு ஒரு சுற்றுலா.
வேன் வாடகை முதலாளி, டீசல் நாங்கள்.
பதினோரு பேர், மடியில் புளிச்சோறு.
ஏழாவது கொண்டை ஊசியில் எஸ்தர் எலுமிச்சையை முகர்ந்தாள்,
ஒன்பதாவதில் அதுவும் கைவிட்டது.

என் கைப்பையில்
வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்த தாள்.
மகன் துபாயிலிருந்து வருகிறானாம்.
நாற்பத்தைந்து நாள் தந்தார்,
முப்பத்தொன்று போய்விட்டது.
அம்மாபேட்டையில் எத்தனை பேர் என்றார்கள்.
கொண்டலாம்பட்டியில் என்ன ஆளுங்க என்றார்கள்,
சொன்னதும் சாவியைத் தேட ஆரம்பித்தார்கள்,
கிடைக்கவே இல்லை.
குகை என்று பெயர் வைத்த பேட்டையில்
மூன்றாவது மாடி;
கறி கூடாது, ஆணி கூடாது,
தண்ணீர் நான்கு நாளைக்கு ஒருமுறை.

காப்பித் தோட்டம் முடியும் இடத்தில் வேனை நிறுத்தி
குழந்தைவேலு கை காட்டினார்.
பாறை விளிம்பில், பள்ளத்தைப் பார்த்தபடி
ஏழெட்டுக் கல் வீடுகள்.
பலகைக்கல் சுவர், பலகைக்கல் கூரை,
முன்சுவரில் வட்டமாய் ஒரு துளை.
"குள்ளருங்க குடியிருந்தது.
மூணடிக்கு மேல வளர மாட்டாங்க."

நம்பினோம்.
நம்புவதற்கு என்ன முன்பணமா?
ரம்ஜான் பீ எட்டிப் பார்த்து
அடுப்புக்கு இந்த மூலை என்றாள்.
பாவாயி திசை பார்த்தாள், கிழக்கு வாசல்தான்.
தொட்டில் கட்ட உத்திரம் இல்லையே என்று
சுகந்தி உண்மையாகவே வருத்தப்பட்டாள்.

நான் தவழ்ந்து உள்ளே போனேன்.
முழங்காலை மடக்கி ஒருக்களித்தால்
நான் கொள்வேன், பக்கத்தில் தமயந்தி கொள்வாள்.
அவருக்கு இடமில்லை.
அவர் இரவுக் காவலுக்குப் போகிறவர்தானே.
கல் குளிர்ந்திருந்தது.
துளையில் ஒரு தட்டளவு வானம்,
அதன் ஓரத்தில் எறும்பு.

வெளியே ஜோதி பலகையை எழுத்துக்கூட்டினாள்,
துரு தின்றது போக மிச்சத்தை:
"ஈ... மச்... சின்னம்."
அப்படின்னா என்ன என்று யாரோ கேட்டார்கள்.
பன்னிரண்டு படித்தவள் அவள் ஒருத்திதான்.
பதில் சொல்லவில்லை.
"அக்கா, வெளிய வாங்க.
அக்கா, முதல்ல வெளிய வாங்க."

உடனே வரவில்லை நான்.
ஏன் என்று இதுவரை யாருக்கும் சொன்னதில்லை.

ரொம்ப தூரம் யாரும் பேசவில்லை.
பிறகு பாவாயி, செருப்பில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே:
"செத்தவனுக்குக் கல்லு வீடு.
கட்டுனவன் எங்க படுத்தானோ."

கிளியூர் அருவிக்கு இறங்கும் படியில்
குரங்கு ஒன்று புளிச்சோற்றைப் பறித்துப்போய்
ருசி பார்த்து, டப்பாவோடு தூக்கி எறிந்தது.
சமைத்தவள் சுகந்தி. அவளும் சேர்ந்து சிரித்தாள்.

இரண்டு நாள் மழை பெய்திருந்தது.
பாறை இரண்டாய்ப் பிளந்து வழிவிட,
மீட்டர் இல்லாமல், முறை இல்லாமல்,
மோட்டார் போட யாரும் இல்லாமல்
கொட்டிக்கொண்டே இருந்தது.
சேலையோடு போய் நின்றோம்.
பக்கத்தில் இருப்பவள் பேச்சே கேட்காத இரைச்சல்.
அதை நிச்சயம் செய்துகொண்டு
நான் கத்தினேன்:
"ஆறாயிரம் வாடகை!
அறுபதாயிரம் முன்பணம்!"
ரம்ஜான் பீ என் பக்கம் திரும்பி
அவளும் எதையோ கத்தினாள்.
வாய் அசைந்தது, கழுத்து நரம்பு புடைத்தது.
என்னவென்று நானும் கேட்கவில்லை,
அவளும் சொல்லவில்லை.

இறங்கும்போது இருட்டிவிட்டது.
ஒரு வளைவில் சேலம் மொத்தமும் தெரிந்தது,
கொட்டிவைத்த ஜவ்வரிசி மாதிரி விளக்குகள்.
எல்லோரும் தூங்கிக்கொண்டிருக்க
கண்ணாடியில் என்னைப் பார்த்து குழந்தைவேலு சொன்னார்:
"அன்னதானப்பட்டியில மச்சினிச்சி வீட்டு மாடியில
ஒரு ரூம் காலியா கெடக்குதுங்க.
தகரக் கூரை. கொஞ்சம் தாழ்வு."

நிமிர்ந்து நிற்கலாமா என்று கேட்டேன்.

கியர் மாற்றி, வளைவை முடித்துவிட்டுச் சொன்னார்:
"நடுவுல நின்னா நிக்கலாம்."